பட்டா இருக்கிறது, ஈ.சி. கிளீன், பஞ்சாயத்து அப்ரூவ்டு: தரகர் சொன்னவற்றின் பொருள் என்ன?

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் ஒரு லாரி உரிமையாளரிடம் கணக்கு எழுதுகிறார். ஆரணிக்கு அருகே 1,200 சதுர அடி மனை ஒன்றை ரூ.14 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். விற்பவரின் தந்தை 1987-ல் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 62 செண்டு புஞ்சை அது. தந்தை 2009-ல் உயில் எழுதாமல் காலமானார். அவருடைய மனைவி, ஒரு மகன், திருமணமான இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மகன் மட்டும் 2022-ல் நாற்பது மனைகளாகப் பிரித்து விற்கிறார். பதினைந்து மனைகள் விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். "பட்டா அவர் பேர்ல இருக்கு, ஈ.சி. முப்பது வருஷத்துக்கு கிளீன், பஞ்சாயத்து அப்ரூவ்டு, லீகல் பார்த்தாச்சு, கைடுலைன் கம்மி" என்கிறார் தரகர். டோக்கனாக ரூ.10,000 ரொக்கம் கொடுத்துவிட்டோம், ரசீது இல்லை. அடுத்த வாரம் ரூ.2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். இந்தச் சொற்களுக்கு உண்மையான பொருள் என்ன? பணத்தைக் கொடுக்கலாமா? பத்திரம் பதிவாகிவிட்டால் அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று கணவர் கேட்கிறார். தரகு எவ்வளவு, எப்போது கொடுப்பது? பட்டா, ஈ.சி., மனை வரைபடம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைய நிலையில் அந்த இரண்டு லட்சத்தைக் கொடுக்க வேண்டாம். மனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரிசெய்ய முடிந்த குறைகள் சில, சரிசெய்யவே முடியாததாகத் தோன்றும் குறை ஒன்று, இரண்டும் உங்கள் தாள்களிலேயே தெரிகின்றன. இருபத்தாறு ஆண்டுகளாக வங்கிகளுக்காகவும் தனியாருக்காகவும் சொத்து ஆவணங்களைப் பார்த்துக் கருத்துரை எழுதி வருகிறேன். தரகர் உங்களிடம் சொன்ன ஐந்து சொற்களும் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பட்டா இருக்கலாம், ஈ.சி.யில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், பஞ்சாயத்தில் யாரோ கையெழுத்தும் போட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தாளும் ஓர் அலுவலகம் தன்னுடைய தேவைக்காக எழுதி வைத்துக்கொண்டது. அந்தத் தேவைக்கு வெளியே எழும் கேள்விக்கு அந்தத் தாளில் விடை கிடையாது. ஆகவே எந்தத் தாளை யார் நீட்டினாலும், இதை எழுதியது யார், எதற்காக எழுதினார் என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பட்டாவிலிருந்து தொடங்குவோம். பட்டா வருவாய்த் துறையின் தாள். நிலத் தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்பதற்காகப் பிறந்த பதிவு அது. முன்பு பட்டா தனி, சிட்டா தனி. இப்போது இணையத்தில் இரண்டையும் ஒரே தாளாகத்தான் பார்க்கிறோம். நீங்கள் அனுப்பிய நகலில், மேலே வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண் ஆகியவற்றுக்குக் கீழே மகனின் பெயர் இருக்கிறது. அதன் கீழே கட்டத்தில் புல எண் 112, உட்பிரிவு 3பி, புன்செய்ப் பத்தியில் 0 – 65.50 என்று பரப்பு இருக்கிறது. முன்னால் உள்ள எண் ஹெக்டேர், பின்னால் உள்ளது ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 செண்டு, ஆகவே 65.50 ஏர் கிட்டத்தட்ட 1 ஏக்கர் 62 செண்டுக்குச் சரியாக வருகிறது. அளவில் கோளாறு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கடைசிப் பத்தியான குறிப்புரை. அதில் 2011-ம் ஆண்டின் பட்டா மாறுதல் உத்தரவு ஒன்றின் எண் உள்ளது. தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, மகன் மனுக் கொடுத்து, தன் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

அப்படி மாற்றியதால் நிலம் அவர் ஒருவருடையதாகிவிட்டதா? ஆகவில்லை. வருவாய்ப் பதிவுகள் உரிமையை உருவாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தந்தை சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம், அவர் உயில் எழுதாமல் இறந்தார், குடும்பம் இந்துக் குடும்பம் என்று கொண்டால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, மகன், இரு மகள்கள் ஆகிய நால்வரும் சம பங்காளிகள். தந்தையைப் பெற்ற தாய் 2009-ல் உயிரோடு இருந்திருந்தால் அவரும் சேர்ந்து ஐவர் ஆவார்கள். இதைக் கேட்க யாருக்குமே தோன்றுவதில்லை. வேறு மதத்தினராயின் பங்குக் கணக்கு மாறுமே ஒழிய, மகன் ஒருவருக்கே முழுவதும் என்று எந்தக் கணக்கிலும் வராது. நால்வர் என்றே வைத்துக்கொண்டாலும் மகன் உங்களுக்கு விற்கக்கூடியது தன் கால் பங்கை மட்டும்தான். அந்தக் கால் பங்கும் எந்த மூலையில் இருக்கிறது என்று பிரித்துக் காட்டப்படாத பொதுப் பாகம்.

இதைத் தரகரிடம் சொன்னால் மூன்று பதில்கள் வரும், எனக்கு மனப்பாடம். "பொண்ணுங்களுக்கு கல்யாணத்துலயே நகை போட்டு சீர் செஞ்சாச்சு" என்பார். சீர் செய்தது பங்கைத் தீர்த்ததாகாது. பங்கை விட்டுக்கொடுத்ததற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்து, "பன்னிரண்டு வருஷம் ஆயிடுச்சு, இனிமே கேட்க முடியாது" என்பார். அந்நியர் ஒருவர் நிலத்தை ஆக்கிரமித்து அனுபவிப்பதற்கான காலக் கணக்கைக் கூட்டு உரிமையாளர்களுக்கு இடையே அப்படியே போட முடியாது. உடன்பிறந்தவர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கருதப்படும். மற்றவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய வெளியேற்றினால்தான் அந்தப் பன்னிரண்டு ஆண்டு ஓடத் தொடங்கும். மூன்றாவதாக, "தங்கச்சிங்க எல்லாம் சம்மதம்னு நோட்டரி கையெழுத்து வாங்கித் தர்றோம்" என்பார். அந்தத் தாளைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். பங்கு கை மாறாது. அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாக வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். பட்டாவுக்கு மதிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அரசு ஒப்படை செய்த நிலத்திலும், நத்தம் நிலவரித் திட்டத்தில் பட்டா தரப்பட்ட வீட்டுமனையிலும் அதற்கு முந்தைய பத்திரமே இருக்காது. அங்கே பட்டாதான் தொடக்கம். அத்தகைய இடத்தில் ஒப்படை உத்தரவின் நிபந்தனைகளைப் படித்தாக வேண்டும். பஞ்சமி நிலம் என்றும், வருவாய்க் கணக்கில் டி.சி. நிலம் என்றும் குறிக்கப்படுவதைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் அந்தக் கிரயம் நிபந்தனையை மீறியதாகும். உங்கள் 112-ம் புல எண் அந்த வகையா என்பதை ‘அ’ பதிவேட்டில் பார்க்கலாம். கிராமத்தின் ஒவ்வொரு புலமும் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, எந்தப் புறம்போக்கு, ஓடையா, வண்டிப்பாதையா, மேய்க்காலா என்று சொல்லும் அடிப்படைக் கணக்கு அது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் மனை வாங்குபவர்களில் இதைப் பார்ப்பவர் அரிது. அடங்கல் என்ற சொல்லும் உங்கள் காதில் விழும். எந்தப் பருவத்தில் எந்தப் பயிர், யார் சாகுபடி என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. நிலம் குத்தகையில் இருக்கிறதா என்ற ஐயம் வந்தால் அதைத் தேடுங்கள்.

இனி ஈ.சி. தமிழில் வில்லங்கச் சான்று. இது பதிவுத் துறையின் தாள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து பதிவான ஆவணங்களின் அட்டவணை என்பதைத் தவிர வேறில்லை. அங்கே வராதது எதுவும் அதில் ஏறாது. பதிவு செய்யாத உயில் வராது, பாகம் கேட்டு நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது, பத்திரத்தைக் கொடுத்துத் தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்றுக் கடன் வராது, வாரிசுகள் எத்தனை பேர் என்பது வரவே வராது. உங்கள் தரகர் கிளீன் என்று சொன்ன ஈ.சி.யை நான் இரண்டு முறை படித்தேன். தேடிய காலம் 1995 முதல் இந்த ஆண்டு வரை. தேடிய எண் 112/3பி. பதிவு எதுவும் இல்லை. சுத்தமான தாள்தான். ஆனால் தந்தை வாங்கியது 1987-ல். முப்பது ஆண்டு என்று கணக்காக வெட்டியதில், அந்த நிலம் அவருக்கு வந்த கதையே வெளியே நின்றுவிட்டது. அதோடு, தந்தையிடமிருந்து மகனுக்குத் தானமாக எழுதித் தரும் செட்டில்மெண்டோ பாகப்பிரிவினையோ விடுதலையோ எதுவும் பதிவாகவில்லை என்பதையும் அதே வெற்றுத் தாள் உறுதிப்படுத்துகிறது. தரகர் பலமாகக் காட்டும் தாள் எனக்குச் சகோதரிகளின் சாட்சியாகப் படுகிறது.

இன்னொன்றும் இடிக்கிறது. பதினைந்து மனைகள் விற்றாயிற்று என்கிறார்கள். விற்றிருந்தால் அந்தப் பதினைந்து கிரயங்களும் இதே ஈ.சி.யில் வரிசையாக நிற்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. ஒன்று, விற்றது என்பது வெறும் பேச்சு. அல்லது, பதிவு செய்யாத அக்ரிமெண்டில் பணம் வாங்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அல்லது, கிரயங்கள் வேறு எண்ணில் பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது நடக்கக்கூடியதே. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யூ.டி.ஆர். என்பார்கள், ஏராளமான உட்பிரிவு எண்கள் மாறின. பழைய பத்திரங்களில் பழைய எண்ணும், பட்டாவில் புதிய எண்ணும் இருப்பது சாதாரணம். தந்தையின் 1987 பத்திரத்தில் வெறும் 112/3 என்று இருக்குமானால், அதற்கும் சேர்த்துத் தேட வேண்டும். ஆகவே 1975 முதல் இன்று வரை, பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் போடச் சொல்லுங்கள். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் புத்தகத்தைப் புரட்டித் தேடித் தருவார்கள். நேரமாகும்; அவசரப்படுத்துகிற தரகரை அதுவே சலித்துக் காட்டிவிடும்.

ஈ.சி. அட்டவணை மட்டும்தான் என்பதால், அதில் தென்படும் ஒவ்வொரு ஆவணத்தையும் வரவழைத்துப் படிக்க வேண்டும். இன்றைய உரிமையாளர் கையில் உள்ளது கிரயப் பத்திரம். அதற்கு முன்பு அவருக்கு விற்றவர் வாங்கிய பத்திரம், அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிச் செல்லும் வரிசையைத்தான் தாய்ப்பத்திரம், மூலப்பத்திரம் என்கிறோம். ஒவ்வொரு பத்திரத்திலும் முகப்பில் "இச்சொத்து எனக்கு இன்ன வகையில் பாத்தியப்பட்டு" என்று ஒரு வாசகம் வரும். அதுதான் முந்தைய பத்திரத்தோடு பிணைக்கும் கண்ணி. கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும். அதில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கெல்லை சொல்லியிருக்கும். செக்குபந்தி என்று பழைய பத்திரங்கள் எழுதும். வரிசையில் பத்திரங்களை அடுக்கி நான்கெல்லையை மட்டும் படித்துக்கொண்டு வாருங்கள். எல்லைக்காரர் பெயர் மாறலாம், ஆனால் தெற்கே ஓடை என்று இருந்தது திடீரென்று தெற்கே சாலை என்று மாறினால், அங்கே பேனா நடந்திருக்கிறது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே அடகில் இருக்கிறது என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். தொலைந்தது என்றால் சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் வாங்கலாம்; ஆனால் தொலைந்ததற்குக் காவல் துறைச் சான்றும் பத்திரிகை விளம்பரமும் இருக்க வேண்டும்.

"பத்திரம் பதிவாகிவிட்டால் அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதானே" என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நம் நாட்டுப் பதிவு முறையில், எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது பதிவாளரின் வேலை இல்லை. தமிழ்நாட்டின் பதிவு விதிகளில் 55ஏ என்று ஒன்று, முந்தைய அசல் ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியின் முதல் உட்பிரிவைச் சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று ரத்துச் செய்தபோது, எழுதிக்கொடுப்பவரின் உரிமையைச் சோதிக்கும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை என்பதையே காரணமாகக் காட்டியது. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரமும் பதிவாகலாம். பதிவான பின்பும் உரிமை வராது. சோதிக்கும் பொறுப்பு வாங்குகிற உங்களுடையது.

இப்போது, சரிசெய்ய முடியாததாகத் தோன்றும் குறைக்கு வருகிறேன். பஞ்சாயத்து அப்ரூவ்டு என்ற சொல்லைப் போல ஏமாந்தவர்களை உண்டாக்கிய சொல் இந்தத் தொழிலில் இல்லை. நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், டி.டி.சி.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சென்னைப் பெருநகரப் பகுதியில் அந்த வேலை சி.எம்.டி.ஏ.வுடையது. அந்த ஒப்புதல் வந்த பிறகு, சாலைகளைத் தானப் பத்திரத்தால் ஒப்படைக்கப் பெற்றுக்கொண்டு இறுதி அனுமதி கொடுப்பதே உள்ளாட்சியின் பங்கு. தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் தனியாக நின்றால் அது மனைப்பிரிவு ஆகாது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் போடப்பட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. உங்கள் மனை பிரிக்கப்பட்டது 2022-ல். அந்தச் சலுகைக்குள் அது வராது. "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், எந்த அரசாணைப்படி என்று எழுதிக் கேளுங்கள்.

பிறகு எப்படிப் பதிவு செய்வார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். பத்திரத்தில் மனை என்றே எழுத மாட்டார்கள். 1,200 சதுர அடி என்பது 2¾ செண்டு. ஒரு செண்டுக்கு 435.6 சதுர அடி. "புஞ்சை 1 ஏக்கர் 62 செண்டில் 2¾ செண்டு" என்று விவசாய நிலமாக எழுதிவிடுவார்கள். மனை எண் இருக்காது, சாலை இருக்காது. பத்திரம் உங்கள் கைக்கு வரும். வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டுப் போகும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும்தான், நீங்கள் வாங்கியது வீட்டுமனை இல்லை, வயலின் ஒரு துண்டு என்பது தெரியவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் இப்படி வாங்கிய துண்டுக்கு என்னை அழைத்துப் போனார். கையில் அந்தப் புலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம், உடன் ஓர் அளவையாளர். மஞ்சள் பெயிண்ட் அடித்து எண் எழுதிய கற்கள் வரிசையாக நின்றன. நடுவில் செம்மண் கொட்டிய 23 அடிச் சாலை. அளவையாளர் புலக்கல்லைத் தேடிப் பிடித்து, சங்கிலியை விரித்துக்கொண்டே போனவர், சாலையின் பாதியில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அடுத்த உட்பிரிவு, பக்கத்து வயல்காரருடையது. சாலை யாருக்கும் தானமாக எழுதிக் கொடுக்கப்படவில்லை. விற்றவருக்கு அது சொந்தமாகவும் இருக்கவில்லை. அடுத்த மழைக்கு வயல்காரர் அந்தப் பாதியில் முள்வேலி போட்டுவிட்டார். ஆகவே நீங்களும் மனையைப் பார்க்கப் போகும்போது புலப்பட நகலை எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற அளவையாளரோடு போங்கள்.

இதோடு ரெராவையும், அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தையும், சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-ம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்பவர் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். உங்கள் நிலம் 6,550 சதுர மீட்டர். அத்தனை பெரிய மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும், அல்லது இந்தப் பரப்புக்கு அனுமதிக்கப்படும் சூழலில் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் நாற்பது மனைகளும் சாலையும் தவிர ஒரு கெஜம் இடமும் இல்லை. ரெரா எண்ணும் இல்லை. இத்தகைய விற்பனையில் தரகரும் ரெராவில் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். அவர் எண்ணைக் கேளுங்கள். அதே சட்டத்தின் 13-ம் பிரிவு, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. 14 லட்சத்துக்குப் பத்து சதவீதம் 1.40 லட்சம். அவர் கேட்பது இரண்டு லட்சம்.

லீகல் பார்த்தாச்சு என்பதைப் பற்றி என் தொழிலுக்கே எதிராக ஒரு வார்த்தை. நாங்கள் எழுதும் ஒவ்வொரு கருத்துரையும் "என் பார்வைக்கு வைக்கப்பட்ட ஆவணங்களின் அடிப்படையில்" என்றுதான் தொடங்கும். வாரிசுச் சான்றை வைக்காவிட்டால் மகள்களைப் பற்றி எழுத வழக்கறிஞருக்கு வழி இல்லை. விற்பவர் வாங்கிய கருத்துரை விற்பவருக்கானது. நீங்கள் உங்கள் செலவில் தனியாக ஒருவரிடம் காட்டுங்கள்.

கைடுலைன் என்பது முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு. சந்தை விலையையோ நிலத்தின் தரத்தையோ அது சொல்லாது. நீங்கள் கொடுக்கும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மீது 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். (2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், பழைய கட்டுரைகளில் பதினொரு சதவீதம் என்று பார்த்துக் குழம்ப வேண்டாம்.) உங்கள் மனையின் வழிகாட்டி மதிப்பு 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், பத்திரத்தில் அதையே எழுதி, மீதி 8 லட்சத்தை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார் தரகர். கணக்குப் போட்டால் உங்களுக்கு மிச்சம் 72,000 ரூபாய். அசையாச் சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாளை அந்தச் சகோதரிகள் வழக்குப் போட்டு, கொடுத்த பணத்தை நீங்கள் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், பத்திரம் ஒப்புக்கொள்வது 6 லட்சத்தைத்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்த இடம் பிடித்திருந்தால், நிபந்தனைகள் இரண்டு. தாயும் இரு மகள்களும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே கையெழுத்திட வேண்டும், அல்லது அதற்கு முன்பே மகனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றை அசலாகக் காட்ட வேண்டும். சகோதரிகள் சம்மதித்திருப்பது உண்மையானால் இது ஒரு நாள் வேலை. இரண்டாவது, டி.டி.சி.பி. ஒப்புதலும் ரெரா எண்ணும் வாங்கி வந்த பிறகுதான் பேச்சு. ஒப்புதலுக்கு மனுச் செய்திருக்கிறோம் என்பது ஒப்புதல் ஆகாது. அதன் பிறகு எல்லா வாரிசுகளோடும் கிரய ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பின் அதையும் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தால் மட்டும் நிலம் உங்களுடையதாகாது, கிரயம் செய்து தரச் சொல்லிக் கேட்கும் உரிமைதான் கிடைக்கும். எத்தனை மாதத்தில் கிரயம், உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற இரண்டு வரிகள் அதில் கட்டாயம் இருக்கட்டும். இடையில் "பவர் எழுதித் தர்றோம், அதுவே போதும்" என்றால் மறுத்துவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்த்துவிட்டது.

தரகு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ, அது பேச்சைப் பொறுத்தது. கிரயம் பதிவாகும் நாளில் கொடுங்கள், அட்வான்ஸ் நாளில் வேண்டாம்.

ஏற்கெனவே கொடுத்த பத்தாயிரத்துக்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள். தரகரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில், "இன்ன தேதியில் இன்ன புல எண் மனைக்காக நான் உங்களிடம் ரூ.10,000 டோக்கன் கொடுத்தேன்; வாரிசுகள் அனைவரின் ஆவணமும், டி.டி.சி.பி. எண்ணும், ரெரா எண்ணும் அனுப்புங்கள், பார்த்த பிறகு அட்வான்ஸ் தருகிறேன்" என்று மரியாதையாக எழுதி அனுப்புங்கள். அவர் "சரிங்க மேடம்" என்று ஒரு வரி பதில் போட்டாலும் அதுவே உங்களுக்கு ரசீது. பதில் ஆவணங்களாக வந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள். வேறொரு ஆள் இன்று மாலையே பணத்தோடு வருகிறார் என்று பதில் வந்தால், டோக்கனைத் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள்.